ஆஃப்ரோடு கூட்டமாகப் போகிறீர்களா? தடத்தையும் கெடுக்காமல் நாளையும் கெடுக்காமல் போய்வருவது எப்படி

போன வருடம் ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தார் ரோட்டை விட்டு மண்பாதையிலும் மேட்டிலும் வண்டி ஓட்டுகிற ஆஃப்ரோடு பயணத்தில், பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கம் ஒரு செம்மண் மேட்டின் அடியில் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரிய மேடு ஒன்றும் இல்லை. நடுவில் மழைத்தண்ணீர் அறுத்த ஒரு பள்ளம், அதற்கு மேல் கொஞ்சம் சரளை, அவ்வளவுதான். ஒரு வண்டி வந்து நிற்க, ஒருவர் கீழே இறங்கி சக்கரத்தை எங்கே வைக்க வேண்டும் என்று கைகாட்ட, ஒரு தடவை வழுக்கிப் பின்னால் வந்து மறுபடி ஏற, சராசரியாக 4 நிமிடம் ஆனது. அன்றைக்கு நாங்கள் 24 வண்டி. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே ஒரு மேட்டுக்கு 96 நிமிடம். அந்த மாதிரி ஐந்து இடம் பிளான் பண்ணியிருந்தோம்.

ராமமூர்த்தி நகரிலிருந்து விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, பிள்ளைகள் இரண்டையும் தூக்கத்திலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு வந்த நண்பர் வரிசையில் 22-வது. மாருதியின் சின்ன ஜீப்பான ஜிம்னி வைத்திருக்கிறார். அவர் முறை வந்தபோது அது காலையில் நாங்கள் ஏறிய மேடாகவே இல்லை. முந்தின நாள் மழையில் ஊறியிருந்த மண்ணை 21 வண்டிகளின் டயர் பிசைந்து, இரண்டு பக்கமும் ஒரு சாண் ஆழத்துக்குச் சக்கரப் பள்ளம் விழுந்திருந்தது. ஜிம்னியின் தரை இடைவெளி 210 மில்லிமீட்டர், அதுவும் ஏறக்குறைய ஒரு சாண்தான். சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கியதும் அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் என்ற கியர்ப் பெட்டி மண்ணில் உட்கார்ந்துவிட்டது. அவரை இழுத்து எடுக்க அரை மணி நேரம். அதற்குள் யாரோ ‘பக்கத்துல புல்லு மேல சுத்தி வந்துடுங்க’ என்று கத்த, கடைசி இரண்டு வண்டிகளும் அப்படியே சுற்றி வந்தன.

இரண்டு வாரம் கழித்து நாங்கள் நான்கு பேர் அதே வழியாகப் போனோம். மேட்டுக்குக் கீழே ஒரு கேழ்வரகு நிலம். அதற்குச் சொந்தக்கார அம்மா எங்களைப் பார்த்ததும் திட்டவில்லை, கூப்பிட்டுக் காட்டினார். ‘நீங்க போட்ட கோட்டு வழியாத்தாம்பா தண்ணி வந்துச்சு.’ மழைத்தண்ணீர் வழக்கமாகப் போகிற ஓடையை விட்டுவிட்டு எங்கள் சக்கரப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு, கடைசி இரண்டு வண்டிகள் அமுக்கிய வரப்பை உடைத்து நிலத்துக்குள் இறங்கியிருந்தது. நாலு வண்டி நிறுத்துகிற அளவு இடத்தில் விரல் நீளப் பயிர் அத்தனையும் படுத்து, மேலே சிவப்பு மணல் மூடிக் கிடந்தது. அடுத்த வாரம் மண்வெட்டியோடு ஆறு பேர் போய்ப் பள்ளத்தை மூடி, வரப்பைக் கட்டி, அந்த அம்மா சொன்ன நஷ்டத்தையும் கொடுத்துவிட்டு வந்தோம். பணம் கொடுக்கலாம், அந்த வருடத்து விதைப்பைத் திரும்பக் கொடுக்க முடியாது.

அதற்கப்புறம் நாங்கள் போகிற விதத்தையே மாற்றிக்கொண்டோம். அந்த அனுபவத்தில் கற்றதைத்தான் கீழே எழுதுகிறேன். பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிற யாருக்கும் இது பொருந்தும்.

முதலில் எண்ணிக்கை

ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் 5 அல்லது 6 வண்டி, அதற்கு மேல் வேண்டாம். இரண்டுக்குக் கீழேயும் வேண்டாம், ஒற்றை வண்டி சிக்கினால் இழுக்க ஆள் இருக்காது. ஆறு வண்டி என்றால் ஒரு தடங்கலுக்கு அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், கஷ்டப்படுகிறவருக்கு இரண்டாவது தடவை முயற்சி செய்யவும் நேரம் இருக்கும், எல்லோரும் எல்லோரையும் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். இருபதில் அது நடக்காது. முன்னால் இருக்கிற நாலு பேர் ஓட்டுவார்கள், மற்றவர்கள் டிராஃபிக்கில் நிற்பார்கள். சில்க் போர்டு சிக்னலில் வாரம் முழுக்கச் செய்வதையே ஞாயிற்றுக்கிழமையும் செய்வதற்கு டீசல் போட்டுக்கொண்டு 60 கிலோமீட்டர் போக வேண்டியதில்லை.

‘24 பேர் வருகிறேன் என்கிறார்கள், யாரை வேண்டாம் என்று சொல்வது?’ யாரையும் சொல்ல வேண்டாம். நாலாகப் பிரியுங்கள். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து மோவாப் என்ற ஊரில் 1967-லிருந்து ஈஸ்டர் ஜீப் சஃபாரி நடக்கிறது. ஒருநாள் பயணமாகத் தொடங்கி இன்றைக்கு ஒன்பது நாள் விழாவாகியிருக்கிறது, வருகிற கூட்டமும் ரொம்பப் பெரியது. ஆனால் அத்தனை பேரும் ஒரே தடத்தில் இறங்குவதில்லை. சுற்றிலும் பல தடங்களுக்குத் தனித்தனியாகப் பதிவு, ஒவ்வொன்றுக்கும் வண்டி வரம்பு, வழி தெரிந்த ஒரு தலைவர். நம் வாட்ஸ்அப் குழுவுக்கு அத்தனை ஏற்பாடு தேவையில்லை, அந்த யோசனை போதும். ஒரு குழு ஹொஸ்கோட்டே பக்கம், ஒரு குழு கனகபுரா பக்கம், மற்ற இரண்டும் அடுத்த வாரம். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் அன்றைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரு ஓட்டலில் சேருங்கள். கூட்டமாக இருக்கிற சந்தோஷம் அங்கே கிடைக்கும், மண்ணுக்கும் ஒன்றும் ஆகாது.

ஒரே தடத்தைத்தான் எல்லோரும் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு மணி நேர இடைவெளி விட்டு அனுப்புங்கள். ஆனால் இதில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இடைவெளி விட்டால் காத்திருப்பு குறையும், தடத்துக்கு ஆகிற சேதம் குறையாது. ஈர மண்ணில் காலையில் ஆறு, மதியம் ஆறு என்று போனாலும் மண் 12 வண்டியைத்தான் தாங்குகிறது. அதனால் இந்த வழி காய்ந்து இறுகிய தடத்துக்கு மட்டும்.

பிரிக்கும்போது வண்டியின் அளவைப் பாருங்கள். ஜிம்னி சுமார் 1,200 கிலோ, ஃபார்ச்சூனர் ஃபோர் வீல் டிரைவ் 2 டன்னுக்கு மேல். பெரிய வண்டிகள் முன்னால் போய் ஆழமாக்கிய பள்ளத்தில்தான் சின்ன வண்டி சிக்கும். கலந்து போவதானால் சின்னவை முன்னால் போகட்டும், கனமான வண்டி பின்னால் வரட்டும், இழுக்கவும் அதுதான் உதவும். புதிதாக வாங்கியவர்கள் எல்லோரையும் ஒரே குழுவில் போடாதீர்கள். ஆறில் இரண்டு பேருக்காவது நல்ல அனுபவம் வேண்டும்.

மழை பெய்தால் தள்ளிப்போடுங்கள்

இதைத்தான் யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் சேறுதான் வீடியோவில் நன்றாகத் தெரிகிறது. காய்ந்த தடத்தில் ஏற்கெனவே மண் இறுகியிருக்கும், இன்னும் நாலு வண்டி போனால் பெரிதாக மாறாது. ஈரமாக இருந்தால் ஒவ்வொரு வண்டியும் பள்ளத்தை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கும். பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், நிற்கிற தண்ணீர் மண்ணை இன்னும் இளக்கும், அடுத்து வருகிறவர் அதைச் சுற்றிப் போவார், அவருக்கு அடுத்தவர் அதையும் சுற்றிப் போவார். ஒரு மாட்டுவண்டிப் பாதை இரண்டே மழைக்காலத்தில் மூன்று பாதை அகலம் ஆவது இப்படித்தான்.

போவதற்கு முன் ஒரு கைப்பிடி மண்ணை எடுங்கள். மேல் மண் இல்லை, காலால் கிளறி இரண்டு அங்குலம் அடியிலிருந்து எடுங்கள். உள்ளங்கையில் வைத்துத் திரியுங்கள். உதிர்ந்தால் போகலாம். முறுக்கு மாவு மாதிரி நீளமாகத் திரண்டு வந்தால் திரும்பிவிடுங்கள். பெங்களூரைச் சுற்றியுள்ள செம்மண் மேலே காய்ந்து வெளுத்துத் தெரியும்போதே அடியில் இப்படித் திரளும், கண்ணை நம்பாதீர்கள். நல்ல மழை பெய்தால் நாங்கள் மூன்று நாள் வெயில் அடிக்கும் வரை காத்திருக்கிறோம். சேறுதான் வேண்டும் என்கிறவர்களுக்கு நகரத்தைச் சுற்றிக் கட்டணம் வாங்கும் ஆஃப்ரோடு மைதானங்கள் இருக்கின்றன. அங்கே பள்ளத்தை மூட ஜேசிபி வைத்திருப்பார்கள். பெரிய கூட்டத்துக்கும் அதுதான் சரியான இடம், நிறுத்த இடமும் கழிப்பறையும் கிடைக்கும்.

எங்கே போகக் கூடாது

பன்னேர்கட்டா தேசியப் பூங்கா, காவிரி வனவிலங்கு சரணாலயம், ராமநகரத்தில் கழுகுகளுக்கென்றே ஒதுக்கிய ராமதேவர பெட்டா, இவற்றுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியோடு நுழைவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காப்புக் காட்டுக்குள் அத்துமீறுவதும் குற்றம்தான். கூகுள் மேப்பில் கோடு தெரிகிறது என்பதால் அது பொதுப்பாதை ஆகிவிடாது.

ஹெசரகட்டா புல்வெளியைப் பார்த்தால் வெறும் பொட்டல் மாதிரி இருக்கும், அதனால்தான் வண்டிக்காரர்கள் இஷ்டத்துக்கு வட்டம் போடுகிறார்கள். தரையில் முட்டையிடும் வானம்பாடியும் நெட்டைக்காலியும் அந்தப் புல்லுக்குள்தான் இருக்கின்றன. பாதை இல்லாத நிலத்தில் முதலில் ஏறுகிற ஒன்றிரண்டு வண்டிகளே பெரும்பகுதி கெடுதலைச் செய்துவிடும், பின்னால் வருகிறவர்கள் அதை நிரந்தரமாக்குகிறார்கள். அந்தப் புல்வெளியைப் பாதுகாக்கச் சொல்லிப் பல வருடம் போராடியவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அங்கே போகாதீர்கள்.

ஏரிக்கரை இன்னொன்று. வற்றிய ஏரியில் இறங்கிக் கரைமேல் ஏறுவது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பத்து வண்டி ஒரே இடத்தில் ஏறினால் கரையில் ஒரு தாழ்வு விழும், ஏரி நிறையும்போது தண்ணீர் முதலில் அங்கேதான் வழியும், வழிகிற இடத்தில்தான் கரை உடையும்.

கோலார் தங்கவயலைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், நம் தமிழ்ச் சனம் வாழ்கிற ஊர் என்பதால். சுரங்கம் 2001-ல் மூடியபின்னும் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவான சயனைடு மேடுகள் அப்படியே நிற்கின்றன, பாலைவன மணல்குன்று மாதிரி இருப்பதால் வண்டி ஓட்ட ஆசை வருகிறது. மேலே இறுகிய படலத்தை டயர் உடைத்தால் அடியில் இருப்பது மாவு மாதிரித் தூள். காற்றடிக்கும்போது அந்தத் தூள் வீட்டுக்குள் வந்து விழுகிறது என்பது அந்த மக்களின் நெடுநாள் வேதனை. அவர்களுடைய மூச்சுக்குள் இன்னும் கொஞ்சம் தூளைக் கிளப்பிவிட நமக்கு எந்த உரிமையும் கிடையாது.

மற்ற இடங்களில் கேட்டுவிட்டுப் போங்கள். முந்தின வாரமே ஒரே ஒரு வண்டியில் போய், ஊருக்கு வெளியே நிறுத்தி, நடந்து போய்க் கேளுங்கள். ‘அண்ணா’, ‘அஜ்ஜி’ என்று கன்னடத்தில் ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது. எந்தப் பாதை மாடு போகிற பாதை, எந்த நிலத்தில் விதைத்திருக்கிறார்கள், எந்த ஓடையில் ஊர்த் தண்ணீர் வருகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அவரைத் தாண்டி வேறு யாரிடமாவது சம்மதம் தேடாதீர்கள்.

தடத்தில்

மண்பாதை தொடங்கும் இடத்தில் காற்றைக் குறையுங்கள். ரோட்டில் 32 பிஎஸ்ஐ வைத்து ஓட்டுகிறவர் 20, 22-க்கு இறக்கலாம். டயர் அகலமாகப் படியும், பிடிப்பு கூடும், சக்கரம் சுழன்று மண்ணைத் தோண்டுவது குறையும். 18-க்குக் கீழே போனால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும். மேட்டுக்குக் கீழேயே ஃபோர் லோ (நான்கு சக்கரத்துக்கும் குறைந்த வேகத்தில் அதிக இழுவை தரும் கியர்) போடுங்கள், பாதி ஏறிச் சிக்கியபின் போடுவதில் பயனில்லை. சக்கரம் சுற்றி வண்டி நகரவில்லை என்றால் உடனே காலை எடுங்கள். ‘இன்னும் கொடு, இன்னும் கொடு’ என்று பத்து பேர் பக்கத்தில் கத்துவார்கள், கூட்டத்தின் பெரிய கெடுதலே இந்தச் சத்தம்தான், தனியாக இருந்தால் யாரும் அவ்வளவு மிதிக்க மாட்டார்கள். இரண்டு தடவை முயற்சி, மூன்றாவதில் வின்ச் (வண்டியை வயரால் இழுக்கும் சுருட்டி) என்று கிளம்பும்போதே பேசிவையுங்கள்.

சுற்றிப் போகாதீர்கள். ஏற முடியவில்லை என்றால் வந்த வழியே திரும்புங்கள், ஆறு வண்டியாக இருந்தால் திரும்புவது சுலபம். இருபதாக இருந்தால் கடைசி ஆள் முதலில் ரிவர்ஸ் எடுக்க வேண்டும், அவருக்குப் பின்னால் ஊர்க்காரர் டிராக்டர் நிற்கும்.

ஒருவர் முன்னால் வழிகாட்டி, ஒருவர் கடைசி வண்டி, இரண்டு பேரிடமும் உரிமம் தேவைப்படாத அலைவரிசையில் இயங்கும் வாக்கி டாக்கி. வளைவு வரும்போது பின்னால் வருகிறவர் கண்ணில் பட்ட பிறகுதான் திரும்ப வேண்டும். இது ஒன்றைக் கடைப்பிடித்தால் யாரும் தொலைய மாட்டார்கள்.

புழுதிக்காக இடைவெளி விடுங்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு விடிகாலையில் வரிசையாக ஏறும் ஜீப்பில் போனவர்களுக்குப் பின்னால் வரும் ஜீப்பின் நிலைமை தெரியும். அதே புழுதி இங்கே திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் மேலும், காயப்போட்ட துணி மேலும் விழுகிறது. ஊருக்குள் 20-க்கு மேல் போகாதீர்கள், பாட்டை நிறுத்திவிடுங்கள். அறுவடை முடிந்த மாதங்களில் ரோட்டிலேயே கேழ்வரகுத் தாளைப் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் வண்டி போவதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை, மணி உதிர வேண்டும் என்றுதான் பரப்புகிறார்கள், ஆனால் வேகமாகப் போய்ச் சிதற அடிக்காதீர்கள், சேறு அப்பிய டயரோடு ஏறாதீர்கள்.

இழுக்கும்போது வேடிக்கை பார்க்க விடாதீர்கள்

கூட்டம் பெரிதானால் ஆபத்தும் பெரிதாவது இந்த இடத்தில்தான். ஒரு வண்டி சிக்கினால் இருபது பேர் போனைத் தூக்கிக்கொண்டு சுற்றி நிற்பார்கள். இறுகி நிற்கிற கயிறோ அதன் முனையிலிருக்கும் இரும்பு வளையமான ஷேக்கிளோ அறுந்து வந்தால் உயிரை எடுத்துவிடும். கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அந்தப் பக்கம் எல்லோரையும் அனுப்புங்கள், பிள்ளைகளை வண்டிக்குள் உட்கார வையுங்கள். கயிற்றின் நடுவில் கனமான போர்வையோ நனைத்த சாக்கோ போடுங்கள், அறுந்தால் அது கயிற்றைக் கீழே அமுக்கும். டிரெய்லர் மாட்டுகிற உருண்டையில் எந்தக் காரணத்துக்காகவும் கயிற்றை மாட்டாதீர்கள், அது இழுப்பைத் தாங்காமல் குண்டு மாதிரிப் பறந்து வரும். ஒரே ஒருவர் சொல்ல வேண்டும், ஓட்டுகிற இருவரும் அவர் கையை மட்டும் பார்க்க வேண்டும்.

மரத்தில் வின்ச் மாட்டினால் நேரடியாக வயரைச் சுற்றாதீர்கள், அகலமான துணிப் பட்டை போட்டு அதில் மாட்டுங்கள். தைலமரம்தானே என்று நினைக்க வேண்டாம். மரப்பட்டை முழுச்சுற்றாக உரிந்தால் எந்த மரமும் காய்ந்துவிடும், அந்தத் தோப்பும் யாரோ ஒருவருடைய வருமானம்.

கழிப்பறை

இதை எழுதக் கூச்சப்படுகிறார்கள், அதனால் யாரும் பிளான் பண்ணுவதில்லை. கலிஃபோர்னியாவில் ரூபிகான் என்று 22 மைல் நீளமுள்ள புகழ்பெற்ற தடம் இருக்கிறது, 1953-லிருந்தே ஜீப் கூட்டங்கள் அங்கே போகின்றன. அந்தத் தடத்து ஸ்பைடர் ஏரிப் பகுதியை 2004-ல் மூட வேண்டியதாகிவிட்டது, காரணம் டயர் இல்லை, மனிதக் கழிவு. நாலு பேர் போனால் தெரியாதது நூறு பேர் போனால் தண்ணீரில் தெரியும். நமக்கு அத்தனை தூரம் போக வேண்டாம், கிளம்பும் வழியில் பெட்ரோல் பங்கிலோ ஓட்டலிலோ எல்லோரும் போய்விட்டு வாருங்கள், மதியம் இன்னொரு நிறுத்தம் வையுங்கள். பெண்கள் வரும் குழுவில் இது இல்லாவிட்டால் அவர்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், அப்புறம் அடுத்த தடவை வர மாட்டார்கள். தவிர்க்க முடியாதபோது ஓடையிலிருந்து 200 அடியாவது தள்ளி, ஒரு சாண் குழி தோண்டி மூடுங்கள். டிஷ்யூவைப் பையில் கட்டித் திரும்ப எடுத்து வாருங்கள்.

சாப்பாட்டை டிஃபன் கேரியரில் கொண்டு போங்கள். பார்சல் பிரியாணி என்றால் 24 அலுமினியப் பொட்டலமும் 24 வெங்காயப் பச்சடிக் கவரும் சேரும், மாடு முதலில் தின்பது அந்தக் கவரைத்தான்.

திரும்பும்போது

கடைசி வண்டியில் இரண்டு மண்வெட்டி இருக்க வேண்டும். நாம் போட்ட பள்ளத்தை அன்றைக்கே மூடினால் பத்து நிமிட வேலை, எங்கள் மாதிரி மூன்று வாரம் விட்டால் அரை நாள். தண்ணீர் பள்ளத்தோடு ஓடாமல் பக்கவாட்டில் ஓடைக்குத் திரும்பும்படி குறுக்கே சாய்வாக ஒரு சின்ன வரப்பு போடுங்கள். இதை அந்தக் கேழ்வரகு நிலத்து அம்மாதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், எந்தக் கோணத்தில் வெட்ட வேண்டும் என்று காலாலேயே கோடு போட்டுக் காட்டினார்.

வீடியோ போடுங்கள், இடத்தின் பெயரையும் மேப் புள்ளியையும் போடாதீர்கள். கேட்கிற நண்பருக்கு நேரில் சொல்லுங்கள், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்து.

தார் ரோட்டில் ஏறுவதற்கு முன் நின்று கம்ப்ரசரை எடுத்துப் பழைய அளவுக்குக் காற்றடியுங்கள். 20 பிஎஸ்ஐயில் ஓசூர் ரோட்டில் 80-ல் போனால் டயர் சூடாகி வெடிக்கலாம். ஆறு வண்டிக்கு இரண்டு கம்ப்ரசர் இருந்தால் அரை மணி நேரத்துக்குள் முடியும். அந்த நேரத்தில் டயர் இடுக்கிலும் சக்கர வளைவிலும் அப்பியிருக்கிற மண்ணைக் குச்சியால் தட்டிவிடுங்கள். தார் ரோட்டில் கட்டி கட்டியாக விழுகிற அந்தச் செம்மண்ணில், இருட்டில், தூறலில், பின்னால் வருகிற டூவீலர்க்காரர் வழுக்கி விழுவார்.